ஊசி போட்டால் முழங்கால் ஜவ்வு வளருமா?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எங்களுக்குக் கம்பம் பக்கத்தில் கூடலூர். அம்மாவுக்கு 58 வயது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குத்தான் போகிறார். விடியக்காலையில் ஜீப் ஏறினால் குமுளி வழியாக வண்டன்மேடு பக்கம் போய், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புவார். இரண்டு வருடமாக வலது முழங்காலில் வலி. எக்ஸ்ரேயில் 'தேய்மானம், மூன்றாம் நிலை' என்று எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை கிடையாது, பிரஷருக்கு ஒரு மாத்திரை. எடை 71 கிலோ. மலைமேல் ஒரு கிளினிக்கில், "வயசானதால் ஜவ்வில் வளர்ச்சிக் காரணி வற்றிவிட்டது. உங்கள் ரத்தத்திலிருந்தே அதைப் பிரித்து மூன்று ஊசி போட்டால் ஜவ்வு மறுபடி வளரும்" என்றார்கள். 45,000 ரூபாய் ஆகுமாம். சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. வெளிநாட்டில் ஜவ்வை வளர்க்கும் மருந்தே வந்துவிட்டதாம், பொறுத்திருப்போம் என்கிறான் தம்பி. பக்கத்து வீட்டு அத்தை கிழி வைக்கச் சொல்கிறார். வேலையை நிறுத்தச் சொன்னால், "உட்கார்ந்தா முட்டி பிடிச்சுக்கும்" என்கிறார் அம்மா. உடைந்த எலும்பு தானே கூடிவிடுகிறது, இது மட்டும் ஏன் வளராது? நாங்கள் என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்.

பதில்:

அன்புச் சகோதரி,

சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும். பதில் கொஞ்சம் நீளும். படித்து முடிப்பதற்குள் நீங்கள் அடகுக்கடைக்குப் போய்விடக் கூடாதே என்று இதை முதலில் சொல்லிவிட்டேன்.

அந்த கிளினிக்கில் சொன்னதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். வளர்ச்சிக் காரணி என்பது 'வளர், பழுது பார்' என்று செல்லுக்குச் சேதி சொல்லும் புரதம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் இந்தக் காரணிகள் பொதிந்திருப்பது உண்மை. வயது ஏற ஏற மூட்டில் அவற்றின் வேலை கெடுவதும் உண்மை. 'வற்றிவிட்டது, ஊற்றினால் நிரம்பும்' என்றார்களே, அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

நம் பக்கத்தில் 'ஜவ்வு' என்ற ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் உண்டு. எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நாரும் ஜவ்வு, முழங்காலுக்கு நடுவே பிறை வடிவில் கிடக்கும் தகடும் ஜவ்வு, எலும்பு முனையில் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு. கபடி ஆடும் பையனுக்குக் கிழிந்தது முதல் இரண்டில் ஒன்றாக இருக்கும். உங்கள் அம்மாவுக்குத் தேய்ந்திருப்பது மூன்றாவது. கோழிக்கால் எலும்பின் முனையில் வெள்ளையாக, வழவழவென்று இருக்கிறதே, அதேதான். மனிதரின் முழங்காலில் அது 2 முதல் 4 மி.மீ. தடிமன்தான் இருக்கும்.

அந்த மெல்லிய பூச்சில் ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. முக்கால் பங்கு தண்ணீர். மிச்சம், கொலாஜன் என்ற நூல் வலையும், அந்த வலைக்குள் தண்ணீரைப் பிடித்துவைக்கும் அக்ரிகான் என்ற பொருளும். இதையெல்லாம் உண்டாக்கிப் பராமரிக்கிற உயிருள்ள செல்கள் கொள்ளளவில் நூற்றில் ஐந்து பங்குகூடத் தேறாது. ஒவ்வொரு செல்லும் தன் குழிக்குள் தனியே உட்கார்ந்திருக்கும். சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து ஊறித்தான் வர வேண்டும். கால் ஊன்றும்போது பஞ்சைப் பிழிந்தாற்போல் திரவம் வெளியேறுகிறது, காலை எடுக்கும்போது உள்ளே இழுக்கப்படுகிறது. 'உட்கார்ந்தா முட்டி பிடிச்சுக்கும்' என்று அம்மா சொல்வதில் பாதிக்கு மேல் சரி. மீதிக்குக் கடைசியில் வருகிறேன்.

எலும்பு கூடுகிறது, இது ஏன் கூடுவதில்லை என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. எலும்பு முறிந்தால் ரத்தம் கட்டும். அந்தக் கட்டிக்குள் பழுது பார்க்கும் செல்கள் வந்து இறங்கும். குருத்தெலும்பில் கீறல் விழுந்தால் ரத்தமே வராது, ஆட்களும் வர மாட்டார்கள். அடியில் இருக்கும் எலும்பைத் துளைத்து ரத்தத்தை வரவழைக்கும் ஓர் அறுவை சிகிச்சை உண்டு. அதில் வளர்வது பெரும்பாலும் நார்க் குருத்து, ஒருவகைத் தழும்பு. அசல் சரக்கின் உழைப்பு அதற்கு இல்லை. குருத்தெலும்பு ஒருமுறை அழிந்தால் மீளாது என்று லண்டனில் வில்லியம் ஹண்டர் என்ற மருத்துவர் 1743லேயே எழுதிவைத்தார்.

அது உண்மைதானா என்று சோதிக்க ஒரு விநோதமான வழி கிடைத்தது. 1950, 60களில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறி, பிறகு மெல்ல இறங்கியது. எந்த ஆண்டில் உடம்பு ஒரு திசுவைக் கட்டியதோ, அந்த ஆண்டின் கார்பன் அதில் முத்திரைபோலப் பதிந்திருக்கும். மனிதரின் முழங்கால் குருத்தெலும்பில் அந்த முத்திரையைப் படித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஆள் வளர்ந்து முடித்த பிறகு கொலாஜன் ஏறக்குறைய மாறுவதே இல்லை. நல்ல மூட்டிலும் அப்படித்தான், தேய்ந்த மூட்டிலும் அப்படித்தான். உங்கள் அம்மா இன்று ஊன்றி நடக்கும் கொலாஜன், அவர் பாவாடை தாவணி கட்டிய காலத்தில் நெய்தது. அத்தனை ஆண்டு உழைத்த பிறகும் மிச்சமிருக்கிறதே என்றுதான் நான் ஆச்சரியப்படுவேன்.

சரி, வளர்ச்சிக் காரணிக்கு வருவோம்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது எளிது. தேக்கடித் தலைமதகைத் திறந்து முதல் போகத்துக்குத் தண்ணீர் விடுகிறார்கள். லோயர்கேம்ப் இறங்கி, ஆற்றில் ஓடி, வாய்க்காலுக்குள் திரும்பி வருகிறது. அணையில் தண்ணீர் நிறைய நிற்பதாலேயே உங்கள் வயல் நனைந்துவிடுமா? உங்கள் வயலின் மடை திறக்க வேண்டும். மடை துருப்பிடித்து நின்றுவிட்டால் அணை நிறைந்து வழிந்தாலும் நாற்று காயும்.

வளர்ச்சிக் காரணி என்பது தண்ணீர். செல்லின் மேல்தோலில் அதைப் பிடித்து உள்ளே சேதி அனுப்பும் புரதம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். அதுதான் மடை. குருத்தெலும்பு தன் வலைக்குள்ளேயே வளர்ச்சிக் காரணிகளை நிறையச் சேமித்து வைத்திருக்கிறது. டி.ஜி.எஃப். பீட்டா என்பது அங்கே பூட்டுப் போட்ட நிலையில் தாராளமாகக் கிடக்கிறது. எஃப்.ஜி.எஃப். 2 என்பது செல்லைச் சுற்றி ஒட்டியிருந்து, அடிபட்டால் உடனே விடுபடுகிறது. ஆக, அணை வற்றவில்லை. வயதாகும்போது மாறுவது மடைகள்.

டி.ஜி.எஃப். பீட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே தண்ணீருக்குக் குருத்தெலும்புச் செல்லில் இரண்டு மடைகள் உண்டு. ஒன்றின் பெயர் ஏ.எல்.கே. 5. இது திறந்தால் உள்ளே ஸ்மாட் 2, ஸ்மாட் 3 என்ற புரதங்கள் விழிக்கும். செல் அடக்கமாக இருந்து வலையைக் காக்கும். இன்னொன்று ஏ.எல்.கே. 1. இது திறந்தால் ஸ்மாட் 1, 5, 8 என்ற வேறு கூட்டம் கிளம்பும். செல் பருக்கும், குருத்தாக இருப்பதை மறந்து எலும்பாகப் போகிற செல்லின் குணத்தைக் காட்டும். எம்.எம்.பி. 13 என்ற நொதியையும் சுரக்கும். கொலாஜன் நூலை அறுக்கும் கத்தரிக்கோல் அது. முதல் மடை வயலுக்குப் பாய்கிறது. இரண்டாவது மடை கரையை அரித்துக்கொண்டு ஓடையில் விழுகிறது.

நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்தவர்கள். 2009இல் அவர்கள் வெளியிட்டதன் சாரம் இது: எலிகளுக்கு வயது ஏறும்போது ஏ.எல்.கே. 5 வேகமாகக் குறைகிறது, ஏ.எல்.கே. 1 அந்த அளவுக்குக் குறைவதில்லை. விகிதம் கெட்ட பக்கம் சாய்கிறது. தேய்மானம் வந்த மனிதக் குருத்தெலும்பில் ஏ.எல்.கே. 1 எங்கே அதிகமோ, அங்கே அந்தக் கத்தரிக்கோலும் அதிகம். இளவயதில் காவல் காத்த அதே வளர்ச்சிக் காரணி, வயதான செல்லில் கன்னம் வைக்கிற திருடனுக்குத் துணை போகிறது. தண்ணீர் கூடுதலாக விட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். எலியின் முழங்காலுக்குள் டி.ஜி.எஃப். பீட்டாவை நேரடியாகச் செலுத்தியபோது, மூட்டின் ஓரங்களில் எலும்பு முள் வளர்ந்தது, மூட்டைச் சுற்றிய உறை தடித்தது. உங்கள் அம்மாவின் எக்ஸ்ரேயில் 'முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது' என்று காட்டியிருப்பார்களே, அதே வகை முள்தான்.

இது டி.ஜி.எஃப். பீட்டாவோடு நிற்பதில்லை. எஃப்.ஜி.எஃப். குடும்பத்துக்கு மூட்டில் இரண்டு முக்கியமான ஏற்பிகள் உண்டு, 1ஆம் எண், 3ஆம் எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 பெரும்பாலும் அரிப்பின் பக்கம், 3 காப்பின் பக்கம். தேய்ந்த மூட்டில் 3 குறைந்து 1 ஓங்குகிறது. ஐ.ஜி.எஃப். 1 என்ற இன்னொரு வளர்ச்சிக் காரணியின் கதை வேறு விதம்: ஏற்பி இருக்கும், ஆனால் செல் காது கேளாததுபோல் இருக்கும். வயதான செல்லில் ஆக்சிஜன் கழிவு சேர்ந்து உள்ளே சேதி போகும் கம்பி கெட்டுவிடுகிறது. வெளியிலும் அந்தக் காரணியை வழியிலேயே பிடித்து நிறுத்தும் புரதங்கள் கூடிவிடுகின்றன.

'வளர்ச்சி' என்ற பெயரே ஆளை ஏமாற்றும். எஃப்.ஜி.எஃப். ஏற்பி 3 என்றேனே, குழந்தையின் எலும்பு நீளும் இடத்தில் அதன் வேலை வளர்ச்சிக்குப் பிரேக் போடுவது. அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி பிரேக் அழுந்தியபடியே இருந்துவிட்டால், கை கால் குட்டையான அக்காண்ட்ரோபிளாசியா என்ற நிலை வருகிறது. 1994இல் இதைக் கண்டுபிடித்தார்கள். குழந்தையிடம் பிரேக், பெரியவர் முழங்காலில் காவல்காரன். எந்த வயதில், எந்த இடத்தில், பக்கத்தில் யார் இருக்கும்போது என்று பார்க்காமல் 'வளர்ச்சிக் காரணி நல்லது' என்று சொல்வது, 'மழை நல்லது' என்று ஏலக்காய் உலர்த்துகிறவரிடம் போய்ச் சொல்வதுபோல.

இப்போது அந்த ஊசி. ரத்தத்தை எடுத்துச் சுழற்றித் தட்டணுக்களை மட்டும் பிரித்துப் போடுவதற்குப் பி.ஆர்.பி. என்று பெயர். அதில் டி.ஜி.எஃப். பீட்டா உண்டு, ஐ.ஜி.எஃப். உண்டு, இன்னும் பல உண்டு. எல்லாத் தண்ணீரையும் ஒரே குடத்தில் கலந்து ஊற்றுகிறோம். எந்த மடை வழியாகப் போக வேண்டும் என்று அதற்குச் சொல்ல நம்மிடம் வழி இல்லை. ஆஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். எல்லாருக்கும் 50 வயதும் அதற்கு மேலும். எக்ஸ்ரேயில் இரண்டாம் அல்லது மூன்றாம் நிலைத் தேய்மானம். அதாவது அச்சு அசல் உங்கள் அம்மா. பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக மூன்று பி.ஆர்.பி. ஊசி, மற்றவர்களுக்கு வெறும் உப்பு நீர். யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து, 10க்கு எத்தனை என்று வலியை அளந்தபோது பி.ஆர்.பி. கூட்டத்தில் 2.1 குறைந்திருந்தது, உப்பு நீர்க் கூட்டத்தில் 1.8. இது வித்தியாசம் என்று சொல்லத் தக்க அளவு இல்லை. முழங்காலின் உள்பக்கக் குருத்தெலும்பு எம்.ஆர்.ஐ.யில் முதல் கூட்டத்தில் 1.4 சதவீதமும், இரண்டாவதில் 1.2 சதவீதமும் குறைந்திருந்தது. வளர்ந்ததாக ஒரு கூட்டத்திலும் இல்லை. இந்த ஆய்வு 2021 நவம்பரில் 'ஜாமா' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் வந்தது.

உப்பு நீர் போட்டவர்களுக்கும் வலி இரண்டு புள்ளி அளவு குறைந்ததே, கவனித்தீர்களா? எனக்கு அது வீட்டுக்கு வந்த அடி. இந்தத் தேனிப் பக்கத்தில் 22 வருடமாக எலும்பு மூட்டு வைத்தியம் பார்க்கிறேன். நானும் சில வருடங்கள் பி.ஆர்.பி. ஊசி போட்டவன்தான். "டாக்டர், இப்ப தேவலை" என்று நோயாளிகள் சொல்லும்போது ஊசியின் பெருமை என்று நினைத்துக்கொண்டேன். கிட்டத்தட்ட அத்தனை பேரும் உப்பு நீருக்கும் அதையே சொல்லியிருப்பார்கள் என்பதை ஏற்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. மூட்டு வலி தானாகவே ஏறி இறங்கும். ஏறிய உச்சத்தில்தான் ஆள் டாக்டரிடம் வருவார். அங்கிருந்து எப்படியும் இறங்கும். சிலருக்கு வலி குறையலாம், அதை நான் மறுக்கவில்லை. சில ஆய்வுகள் பலன் என்றும் சொல்கின்றன. ஆனால் 'ஜவ்வு வளரும்' என்று சொல்லி 45,000 ரூபாய் வாங்குவதற்கு ஆதாரம் இல்லை.

தம்பி படித்த மருந்து ஸ்ப்ரிஃபெர்மின் என்று நினைக்கிறேன். பையன் தப்பாகப் படிக்கவில்லை. இதுதான் மடையைக் குறிவைத்துச் செய்த மருந்து: எஃப்.ஜி.எஃப். 18 என்ற காரணியின் நகல், முக்கியமாக அந்த 3ஆம் எண் ஏற்பி வழியாக வேலை செய்கிறது. 549 பேரிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் அளவில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டவர்களுக்கு இரண்டு ஆண்டில் குருத்தெலும்பு 0.03 மி.மீ. தடித்திருந்தது. போலி ஊசி போட்டவர்களுக்கு 0.02 மி.மீ. தேய்ந்திருந்தது. ஹண்டரின் காலத்திலிருந்து முடியாது என்றிருந்த ஒன்று, ஒரு தலைமயிரின் பருமன் அளவுக்காவது முடிந்திருக்கிறது. எனக்கு அதைப் படித்தபோது உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. ஆனால் வலி? இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. தடித்த குருத்தெலும்போடு அதே வலியோடு நடந்தார்கள். மருந்து விற்பனைக்கு வரவில்லை. தம்பியிடம் சொல்லுங்கள், அதைப் பற்றித் தொடர்ந்து படிக்கட்டும். ஆனால் அதற்காக அம்மா காத்திருக்க வேண்டாம்.

கொரியாவில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டி.ஜி.எஃப். பீட்டா 1 சுரக்கும்படி மரபணு மாற்றிய செல்களை முழங்காலுக்குள் போடும் சிகிச்சைக்கு 2017இல் அங்கே அனுமதி கொடுத்தார்கள். குருத்தெலும்புச் செல் என்று சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். பிறகு பார்த்தால் அது சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய செல். 2019இல் அனுமதியை ரத்து செய்தார்கள். அரசாங்கம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கும் இடத்திலேயே இப்படி என்றால், பின்னறையில் ஒரு சுழற்றி இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில் என்ன சரக்கு உள்ளே போகிறது என்று யார் பார்ப்பது?

இன்னொரு வளர்ச்சிக் காரணியின் கதை உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்தும். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று ஒன்று உண்டு. வளர்ச்சிக் காரணிகளிலேயே முதலில் அறியப்பட்டது அதுதான். ரீட்டா லெவி மோன்டல்சினி என்ற அம்மையார் கண்டுபிடித்தார், 1986இல் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். தேய்ந்த மூட்டில் இது அதிகமாகி, வலி நரம்பிலிருக்கும் தன் ஏற்பியைத் தொட்டு வலியைக் கூட்டுகிறது. சரி, இதைப் பிடித்துக் கட்டிவிட்டால் வலி போய்விடுமே என்று டானேசுமாப் என்ற மருந்தைச் செய்தார்கள். வலி நன்றாகவே குறைந்தது. ஆனால் சிலருக்கு மூட்டு சரசரவென்று அழிந்தது. கூடவே வலி மாத்திரையும் தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். 2021 மார்ச்சில் அமெரிக்க அரசின் ஆலோசனைக் குழு 19க்கு 1 என்ற கணக்கில் வேண்டாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் கம்பெனியும் கைவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டத்துக்குப் போகிறவர்கள் பலர் காலையில் ஜீப் ஏறுமுன் கடையில் கேட்டு ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார்கள். அம்மாவும் செய்கிறாரா என்று மெதுவாகக் கேளுங்கள். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, ஆனால் நான் பார்க்கும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்டால்தான் சொல்வார்கள். அந்த மாத்திரை டானேசுமாப் மாதிரி மூட்டை அழிக்கும் என்று நான் சொல்லவில்லை. பிரஷர் உள்ளவருக்குத் தினசரி வலி மாத்திரை என்பது சிறுநீரகத்துக்கும் வயிற்றுக்கும் கேடு, பிரஷரையும் ஏற்றும். மேலே தடவும் டைக்ளோஃபெனாக் களிம்பு முழங்காலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, முழங்காலைச் சுற்றிலும் தடவ வேண்டும். மாத்திரை வேண்டியிருந்தால் பிரஷர் பார்க்கும் டாக்டரைக் கேட்டு, சில நாட்களுக்கு மட்டும்.

இப்போது வேலை. நிறுத்தச் சொல்லி நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் அவர் கேட்கப்போவதில்லை. மாற்ற வேண்டியது குத்தவைத்து உட்கார்வதை. மிளகென்றால் நின்றுகொண்டோ ஏணியிலோ பறிக்கலாம். ஏலத்தில் சரம் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படுத்துக் கிடக்கும். நாள் முழுக்க முழங்காலை முழுசாக மடக்கி, தவழாத குறையாக நகர்ந்து நகர்ந்து காய் எடுக்க வேண்டும். மடங்கிய மூட்டில் பஞ்சு பிழிந்தபடியே இருக்கிறது, மறுபடி ஊற இடைவெளி கிடைப்பதில்லை. அம்மா சொன்னதில் சரியில்லாத பாதி இதுதான்: அசைவு மூட்டுக்கு நல்லது, அமுக்கி வைப்பது கெடுதல். மாட்டின் குருத்தெலும்பை ஆய்வகத்தில் அளவாக அழுத்தி விட்டபோது அந்த நல்ல மடையின் வழியில் வரும் ஸ்மாட் 2, 3 விழித்துக்கொண்டன. வயதான மாட்டின் குருத்தெலும்பில் அந்த விழிப்பு மந்தமாக இருந்தது, ஆனாலும் இருந்தது. காசு கொடுத்து வாங்க முடியாத தூண்டுதல் அது.

சரிவான தோட்டத்தில் ஸ்டூல் நிற்காது என்று எனக்கே தெரியாது. என்னிடம் வந்த ஒரு தோட்டத்து அம்மாதான் சொல்லிக்கொடுத்தார். பழைய மெத்தையின் தடித்த ரப்பர் துண்டை இரண்டு மூன்றாக மடித்துச் சாக்கில் சுற்றி, வாரால் இடுப்பிலேயே கட்டிக்கொள்வாராம். நகர்ந்தால் கூடவே வரும், உட்கார்ந்தால் ஒரு சாண் உயரம் கிடைக்கும். அந்த ஒரு சாணுக்கு முழங்கால் நன்றி சொல்லும். அரைமணிக்கு ஒருதரம் எழுந்து பத்து எட்டு நடக்கட்டும். கங்காணி முறைத்தால் முறைக்கட்டும். வீட்டுக் கழிப்பறை தரையோடு இருந்தால் மேலே வைக்கும் நாற்காலி வாங்குங்கள், 45,000இல் ஒரு துளி செலவில் முடியும்.

தொடை முன்தசைக்கான பயிற்சிதான் இந்தக் கடிதத்திலேயே முக்கியமான மருந்து, எளிமையாக இருப்பதால் யாரும் மதிப்பதில்லை. படுத்து, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைத் தரையோடு அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்துத் தடவை. காலை நீட்டியபடியே ஒரு முழம் தூக்கி மெல்ல இறக்குவது, பத்துத் தடவை. உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்கார்வது, முடிந்த அளவு. காலையும் இரவும். முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாது, சிலருக்கு வலி சற்றுக் கூடவும் செய்யும். பன்னிரண்டு வாரம் ஆகும் என்று நாட்காட்டியில் குறித்துவையுங்கள். இதனால் ஜவ்வு வளரும் என்று நானும் கதை விட மாட்டேன். வலி குறையும், நடை தேறும், அதற்கு ஆதாரம் நிறைய இருக்கிறது. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் பளு சுமார் 4 கிலோ குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். 71ஐ 66 ஆக்க முடிந்தால் பாருங்கள். தோட்டத்திலிருந்து வந்து இரவு ஒன்பதரைக்கு ஒரு தட்டுச் சோறு சாப்பிடும் வழக்கத்தில் கை வைத்தாலே பாதி வேலை முடியும்.

கிழி வைக்கட்டும். சூடு தசையைத் தளர்த்தும், அன்று ராத்திரி தூக்கம் வரும். ஜவ்வுக்கு ஒன்றும் செய்யாது, கெடுதலும் இல்லை. முழங்கால் சூடாக, வீங்கி இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். அத்தையின் மனமும் கோணாது.

எக்ஸ்ரே படுக்கவைத்து எடுத்ததா, நிற்கவைத்து எடுத்ததா என்று பாருங்கள். நின்று எடுத்தால்தான் இடைவெளி எவ்வளவு என்று தெரியும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் வளைந்துகொண்டே போவது, நூறடி நடக்க முடியாத நிலை இதெல்லாம் வந்தால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றிப் பேசலாம். இப்போது அந்தக் கட்டம் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. வந்தாலும் பயப்பட வேண்டாம். 2017இல் செயற்கை முழங்காலுக்கு அரசு உச்சவிலை வைத்துவிட்டது. காப்பீட்டு அட்டையோடு க.விலக்கு மருத்துவக் கல்லூரியில் ஒருமுறை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கினால் மட்டும் இதெல்லாம் பார்க்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அப்புறம், ஜீப். பின்பக்கத்திலிருந்து அம்மா எப்படி இறங்குகிறார் என்று ஒருநாள் பாருங்கள். அவசரத்தில் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து இறங்குகிறவர்கள்தான் அதிகம். ஏறும்போது நல்ல கால், அதாவது இடது, முதலில். இறங்கும்போது வலிக்கிற வலது கால் முதலில் தரைக்கு வரட்டும். மடங்கி உடம்பைத் தாங்குகிற வேலையை மேலே நிற்கும் இடது கால் பார்த்துக்கொள்ளும். கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திரும்பி நின்று. டிரைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் அரை நிமிடம் நிறுத்துவார்.